பாத் நகரத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

லண்டனிலிருந்து தனியாகப் போய் ஒரு இரவு தங்க வேண்டும், ஜார்ஜியன் கட்டடங்களும் ரோமானியக் குளமும் முக்கியம், செலவு கையைக் கடிக்கக் கூடாது, எதை எப்போது பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நல்ல சேதி. ஜார்ஜியன் பாத்தைத் தெருவில் நின்றபடியே பார்த்துவிடலாம், டிக்கெட் கிடையாது. கட்டாயம் காசு கொடுக்க வேண்டியது ரோமானியக் குளத்துக்கு மட்டும்தான். வெந்நீர்க் குளியல் உங்கள் விருப்பம். மற்றபடி எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. (ஜார்ஜியன் என்றதும் ஜார்ஜியா நாட்டைத் தேட வேண்டாம். 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு மன்னர்கள் வரிசையாக இங்கிலாந்தை ஆண்டார்கள், அந்தக் காலத்துக் கட்டடப் பாணி இது.)

லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரம். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் பாத் ஸ்பா. அதை அடுத்து வரும் ஓல்ட்ஃபீல்ட் பார்க்கும் பாத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் பார்க்க வேண்டிய இடங்களுக்குத் தள்ளி. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறித்த வண்டிக்கு மட்டுமே செல்லும். அடுத்த வண்டியில் ஏறினால் புதிதாக முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். வழியில் உள்ள டிட்காட் நிலையம் வரை ஒன்று, அங்கிருந்து பாத்துக்கு ஒன்று என இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் சில சமயம் குறையும். வண்டியை விட்டு இறங்க வேண்டாம், ஆனால் அந்த வண்டி டிட்காட்டில் நிற்பதாக இருக்க வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு அறைதான் பெரிய செலவு, ஏனென்றால் இருவர் அறைக்கான வாடகையை ஒருவரே கொடுக்க நேரும். சனிக்கிழமை ஒரு இரவுக்கு மட்டும் பல விடுதிகள் தரவே மாட்டா, இரண்டு இரவு எடுக்கச் சொல்லும். ஞாயிறு இரவு பெரும்பாலும் மலிவு. ஞாயிறு போய்த் திங்கள் திரும்புவதுதான் என் சிபாரிசு. நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தை நாட்களிலும், ஊர் நடுவே உள்ள மைதானத்தில் ரக்பி ஆட்டம் நடக்கும் நாட்களிலும் அறையும் ரயிலும் நிரம்பி வழியும். அப்படி மாட்டிக்கொண்டால் பிரிஸ்டலில் தங்குங்கள். அங்குள்ள டெம்பிள் மீட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

முதல் நாள் காலை 10:30க்கு அபே தேவாலயத்தின் முற்றத்தில், ஊற்றுநீர் குடிக்கக் கட்டிய பழைய மண்டபமான பம்ப் ரூமின் வாசலில் நில்லுங்கள். மேயரின் கௌரவ வழிகாட்டிகள் என்ற தன்னார்வக் குழு தினமும் அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம் நடத்திக் காட்டுகிறது. இலவசம். டிப்ஸ் நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். முன்பதிவு வேண்டாம். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மதியம் 2 மணிக்கும் உண்டு. தனியாக வருகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை. கூட்டத்தோடு ஊரின் அமைப்பு பிடிபட்டுவிடும், பிடித்த இடங்களுக்குப் பிறகு தனியாகத் திரும்பி வரலாம். ஒரே எச்சரிக்கை, ஊர் மேடு. ஆற்றங்கரையிலிருந்து, பிறைபோல் வளைந்த வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடைபாதைக் கல் மழையில் வழுக்கும், வழவழப்பான அடி உள்ள செருப்பு வேண்டாம்.

இனி, பலர் தவறவிடுகிற விஷயம். இந்த ஊரின் அழகு முன்பக்கத்தில், உண்மை பின்பக்கத்தில். ராயல் கிரசென்ட் 1767 முதல் 1775 வரை ஜான் வுட் இளையவர் கட்டியது. 30 வீடுகள், 114 தூண்கள், வில்லாக வளைந்த ஒரே சுவர். ஆனால் அவர் தீர்மானித்தது அந்த முகப்பை மட்டும்தான். ஒவ்வொரு வீட்டையும் எடுத்தவர் பின்னால் தன் வசதிக்கும் பணத்துக்கும் தக்கபடி தன் ஆளை வைத்துக் கட்டிக்கொண்டார். அதனால் முன்னே ஒரே அரண்மனைபோல் நிற்பது, பின்னால் போய்ப் பார்த்தால் முப்பது வீடும் முப்பது விதம். ஒன்று துருத்தும், ஒன்று உள்வாங்கும், கூரை ஏறும், இறங்கும், குழாய்கள் குறுக்கே ஓடும். கிரசென்ட்டைச் சுற்றிப் பின்னால் உள்ள சந்துக்குப் போக ஐந்து நிமிடம் ஆகாது.

முன்புறத்திலும் பார்வையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். புல்வெளி நடுவே ஒரு பள்ளச் சுவர் ஓடும், அதற்குப் பெயர் ஹா-ஹா. மேல் பாதி குடியிருப்பவர்களுக்கு, கீழ்ப் பாதி பொதுமக்களுக்கு. வீட்டிலிருந்து பார்த்தால் சுவர் கண்ணில் படாது, ஒரே புல்வெளியாகத் தெரியும். கீழேயிருந்து பார்த்தால்தான் தடுப்பு தெரியும். கதவுகள் எல்லாம் வெள்ளை, 22ஆம் எண் மட்டும் மஞ்சள். 1970களில் அந்த வீட்டுக்காரர் மஞ்சள் பூச, நகராட்சி வெள்ளையாக்கச் சொல்ல, வழக்காடி ஜெயித்தது மஞ்சள். 1ஆம் எண் வீடு அருங்காட்சியகம். உள்ளே போகாவிட்டாலும் அதன் முதல் மாடி ஜன்னல்களை மற்ற வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஜன்னலின் அடிப்பக்கத்தைப் பிற்காலத்தில் கீழே இறக்கிவிட்டார்கள். 1ஆம் எண்ணில் பழைய உயரத்துக்கே மீட்டிருக்கிறார்கள்.

ஊர் முழுக்க அடைத்த ஜன்னல்கள் கண்ணில் படும். எல்லாமே 1696 முதல் 1851 வரை இருந்த ஜன்னல் வரியால் அடைத்தவை என்று யாராவது சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். பல ஜன்னல்கள் கட்டும்போதே போலியாக வைத்தவை. உள்ளே புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ வரும் இடத்திலும் வெளியே வரிசை கெடக் கூடாது என்பதற்காக. இதுவும் முன்பக்கத்து ஒப்பனைதான்.

கிரசென்ட்டிலிருந்து சர்க்கஸ் என்ற வட்டத் தெரு சில நிமிட நடை. ஜான் வுட் மூத்தவர் 1754இல் தொடங்கினார், அந்த ஆண்டே இறந்துபோனார், மகன் முடித்தார். 33 வீடுகள் வட்டமாக, மூன்று துண்டுகளாக. கீழ் மாடியில் டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன் என மூன்று வகைத் தூணும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். தூணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கீழ்த்தளத் தூண்களுக்கு மேல் ஓடும் பட்டையில் பாம்பு, கப்பல், கருவி என 500க்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் சிற்பங்கள் வரிசையாக உண்டு. பெரும்பாலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. நடுவில் மரத்தடியில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், எதிரொலிக்கும். அங்கிருந்து கிராவல் வாக் என்ற பின்வழியில் நடந்தால் சர்க்கஸின் 4ஆம் எண் வீட்டுக் கொல்லைப்புறம் வரும். 18ஆம் நூற்றாண்டுத் தோட்டமாக மீண்டும் அமைத்து இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

புல்ட்னி பாலத்திலும் இதே கதை. ராபர்ட் ஆடம் வடிவமைத்து 1774இல் முடிந்தது, இரண்டு பக்கமும் கடைகள். மேலே நடந்தால் பாலத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. எல்லாரும் படம் எடுப்பது தெற்குப் பக்கத்தை, அடுக்கடுக்காக விழும் தடுப்பணையோடு. எதிர்ப்பக்கம், வடக்கே போய்ப் பாருங்கள். கடைக்காரர்கள் காலப்போக்கில் இழுத்து ஒட்டிய அறைகள் ஆற்றுக்கு மேலே தாறுமாறாகத் தொங்கும்.

ரோமானியக் குளத்துக்கு நேரம் குறித்த டிக்கெட். ஆன்லைனில் முன்பே எடுங்கள், வார நாட்களில் விலை குறைவு. நடுப்பகலில் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் அலைமோதும். காலை முதல் நேரம், அல்லது பிற்பகலின் கடைசி நேரங்கள் நல்லது. ஆனால் அடைப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் உள்ளே இருக்க வேண்டும். கோடையில் இரவு வரை திறந்திருக்கும் நாட்களில் குளத்தைச் சுற்றிப் பந்தம் ஏற்றுவார்கள். அது கிடைத்தால் வேறு நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். பெரிய பெட்டியோடு போகாதீர்கள், விடுதியில் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

உள்ளே போனதும் மேல்தளத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டே நின்றுவிடுவார்கள். அங்கிருக்கும் ரோமானிய மன்னர் சிலைகள் விக்டோரியா காலத்தவை, மேல்தளம் திறந்தது 1897இல். தூண்களின் அடிப்பீடத்துக்குக் கீழே இருப்பதுதான் ரோமானியருடையது. அதனால் மேலே பத்து நிமிடம் போதும், நேரத்தைக் கீழே செலவழியுங்கள். நீர் பச்சையாக இருப்பது பாசியால். ரோமானியர் காலத்தில் மேலே கூரை இருந்தது, வெயில் படவில்லை. ஊற்று 46 டிகிரி சூட்டில் நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்குகிறது. கையை விடக் கூடாது. சுத்திகரிக்காத நீர். 1978இல் மூளையைத் தாக்கும் அமீபாவால் ஒரு சிறுமி இறந்தபின் இந்த ஊற்று நீரில் குளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆழ்துளையிட்டுச் சுத்தமான நீரைத் தனியாக எடுத்தார்கள். கடைசியில் குழாயில் குடித்துப் பார்க்கக் கொடுப்பது சுத்திகரித்தது, பயமில்லை. வெதுவெதுப்பாக, இரும்பு வாடையோடு இருக்கும், ஒரு மிடறு போதும்.

கீழே தவறவிடக் கூடாதது சாபத் தகடுகள். சுமார் 130 கிடைத்திருக்கின்றன. கையுறையோ மேலங்கியோ திருடு போனால், மெல்லிய ஈயத் தகட்டில் கீறிச் சுருட்டி, சூலிஸ் மினெர்வா தெய்வத்தின் ஊற்றில் போட்டுவிடுவார்கள். நம்மூரில் காசு வெட்டிப் போடுவதுபோல. திருடியது யாரென்று தெரியாததால் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ என்று எந்த இண்டு இடுக்கும் விடாமல் எழுதியிருப்பார்கள். சிலவற்றில் எழுத்தைத் தலைகீழ் வரிசையில் எழுதியிருக்கிறார்கள். எழுத்து நூல் போல மெலிது, பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால்தான் கீறல் தெரியும். அதையடுத்து ரோமானியர் கட்டிய வடிகாலில் உபரி நீர் இன்னும் ஆவி பறக்க ஓடுவதையும் நின்று பாருங்கள்.

வெளியே வந்ததும் அபேயின் மேற்கு முகப்பு. சாயங்கால வெயில் நேராக விழும் நேரம் அது, காலையில் பார்த்தால் நிழலாக இருக்கும். இரண்டு பக்கமும் ஏணியில் தேவதைகள் ஏறுவார்கள். இறங்குகிற தேவதைகள் தலைகீழாக இறங்குகிறார்கள். 1499 வாக்கில் இந்தத் தேவாலயத்தைத் தொடங்கிய பிஷப்பின் பெயர் ஆலிவர் கிங். ஆலிவ் மரத்தைச் சுற்றி ஒரு கிரீடம் செதுக்கியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் அவர் பெயரைப் படித்துவிட்டீர்கள். கோபுரத்துக்கு 212 படி, வழிகாட்டியோடுதான் ஏற முடியும்.

குளிக்க ஆசை இருந்தால் தெர்மே பாத் ஸ்பா. பெயர் ரயில் நிலையம் மாதிரியே இருப்பதால் வரைபடத்தில் மாறிப் போகாதீர்கள். இரண்டு மணி நேர டிக்கெட், 16 வயதுக்கு மேல், நீச்சல் உடை நம்முடையது. மொட்டைமாடிக் குளத்தில் இருட்டும் நேரம் கிடைக்குமாறு பாருங்கள். டிசம்பரில் அது மாலை 4 மணி, ஜூனில் 9:30 தாண்டும். தனியாகப் போனால் கூச்சப்பட ஒன்றுமில்லை, நீரில் நிற்கிறவர்கள் யாரையும் கவனிப்பதில்லை.

சாப்பாட்டில் சாலி லன் பன்னையும் பாத் பன்னையும் குழப்பிக்கொள்வார்கள். சாலி லன் பெரிது, மெத்தென்று இருக்கும், பாதியாக வெட்டி வாட்டித் தருவார்கள். பாத் பன் சிறியது, மேலே சர்க்கரைக் கல் தூவியது. இரண்டிலும் முட்டை உண்டு, சுத்த சைவம் என்றால் தொடாதீர்கள்.

இரவில் ஊர் நடுவே நடமாட்டம் இருக்கும், பொதுவாகப் பயமில்லை. வெள்ளி, சனி இரவுகளில் குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கூட்டம் உண்டு, அவ்வளவுதான். ஆற்றோரப் பாதையை மட்டும் இருட்டியபின் தவிருங்கள், வெளிச்சம் குறைவு, ஓரத்தில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை.

இரண்டாம் நாள் காலை 8 மணிக்குள் மறுபடி கிரசென்ட். காலை வெயில் முகப்பில் விழும், ஆளே இருக்காது, முந்தின நாள் கூட்டத்தில் எடுக்க முடியாத படத்தை எடுக்கலாம். முக்காலி வேண்டாம், கீழ்ப் புல்வெளியில் பையின் மேல் போனைச் சாய்த்து டைமர் வைத்தால் முழு வளைவோடு நீங்களும் விழுவீர்கள். நடக்கத் தெம்பிருந்தால் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் ஸ்கைலைன் பாதை, 6 மைல் சுற்று, மழைக்குப் பிறகு சேறு கணுக்கால் வரை. நேரமில்லை என்றால் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஜேக்கப்ஸ் லேடர் படிகளில் ஏறி அலெக்சாண்ட்ரா பூங்காவுக்குப் போங்கள். செங்குத்து, ஆனால் இருபது நிமிடம்தான். அபே கீழே, கிரசென்ட்டுகள் எதிர்மேட்டில் அடுக்கடுக்காகத் தெரியும். இறங்கினால் நேராக நடைமேடைதான்.