உள்ளே தடைபட்ட எச்சரிக்கை

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு ஊடகங்களுக்குத் தவறாமல் அறிக்கை அனுப்புகிறது, பணிமனையில் இருப்பவர்கள் சொல்லும் குறைகளோ மேலிடத்தை எட்டுவதே இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்று மேலாளர்கள் கூறுவது சரிதானா?

பதில்: சரியன்று. இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் நேரும் கேட்டுக்கு, அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்ணோட விபத்தைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

1986 ஜனவரி 27 இரவு, விண்ணோடத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து நாசா அதிகாரிகளுடன் தொலைபேசி வழியே கலந்து பேசினார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிட்டால் சூடான வாயு கசியக்கூடும் என்பதால், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ்) கீழ் ஏவ வேண்டாம் என்று அவர்கள் எழுத்திலேயே பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பு அதைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கவே, நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடி, பொறியாளர்களின் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு ஒப்புதல் அளித்தார்கள். மறுநாள் ஏவப்பட்ட விண்ணோடம் 73 விநாடிகளில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர்.

என்னை மிகவும் உலுக்குவது இவ்விபத்தை ஆராய்ந்த ரோஜர்ஸ் விசாரணைக் குழுவின் ஒரு கண்டறிதல்தான்: ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்த நாசா உயரதிகாரிகளுக்கு, அப்படியொரு எழுத்துப் பரிந்துரை முதலில் வந்ததே தெரியாது. பொறியாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த நாசாவின் மார்ஷல் மையம் சிக்கல்களை மேலே அனுப்பாமல் தன்னளவிலேயே தீர்த்துக்கொள்ள முனைந்தது. அக்குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், விண்ணோடம் அழிய எத்தனை வாய்ப்பு உண்டு என்று விசாரித்தபோது, பொறியாளர்களின் மதிப்பீடு ஏறக்குறைய 100இல் 1 ஆகவும் நிர்வாகத்தின் மதிப்பீடு 1,00,000இல் 1 ஆகவும் இருந்தன. மக்கள் தொடர்பு அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தம்மிடம் வந்துசேரும் எண்ணைத்தான் செய்தியாளரிடம் சொல்ல முடியும்.

1982இல் சிகாகோ வட்டாரத்தில் சயனைடு கலக்கப்பட்ட டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் பொதுமக்களை வெளிப்படையாக எச்சரித்து, சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அதை நல்ல வெளித்தொடர்புக்கு உதாரணமாகப் பலரும் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே ஆபத்து வெளியிலிருந்து வந்தது. உங்களுடையதைப் போல உள்ளேயே இருக்கும் குறைக்கு அந்த உதாரணம் மட்டும் போதாது.

எனவே, பணிமனையிலிருந்து வரும் மறுப்பு, இறுதிக் கையெழுத்து இடுபவரின் மேசைவரை சுருக்கப்படாமல் கோப்புடனேயே செல்ல வேண்டும் என்றும், அறிக்கை எழுதுபவரும் அந்தக் கோப்பைப் படித்திருக்க வேண்டும் என்றும் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.