நாயோடு வேனில் வாழலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். டெம்போ டிராவலர் வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அமைத்து, ஆண்டில் பாதி நாட்களை அதிலேயே கழிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஐந்து வயதான எங்கள் ராஜபாளையம் நாயை யாரிடமும் விட்டுச் செல்ல மனமில்லை. அதையும் அழைத்துச் செல்வது சரியா?
— சத்துவாச்சாரி வாசகர், வேலூர்

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். வளர்த்தவரைப் பிரிந்து மாதக்கணக்கில் வேறிடத்தில் கட்டிக் கிடப்பதைவிட, இடம் மாறிக்கொண்டே இருந்தாலும் உங்கள் காலடியில் படுத்திருப்பதையே அது விரும்பும். ஆனால் வேனை வடிவமைப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வண்டி ஓடும்போது நாய்க்கு வரும் தொல்லைகள் சிறியவை. வண்டி நிற்கும்போது வரும் ஆபத்துதான் உயிரைப் பறிப்பது.

நம்மைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடலின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது இரைப்பதால் பயன் இல்லை. வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாளில், வெயிலில் நிறுத்தி மூடிய வண்டியின் உட்புறம் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை என்பது அளந்து பார்த்து உறுதி செய்யப்பட்ட உண்மை. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி. அது 41-ஐக் கடந்தால் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் நம் வேலூரில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு வேன் கட்ட முடியாது.

"ஏசி போட்டுவிட்டால் போயிற்று" என்று பட்டறையில் சொல்வார்கள். அந்த ஏசி எதில் ஓடும் என்று நீங்கள் கேட்க வேண்டும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம் இருக்கும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட்டை இழுக்கும் என்பதால், ஒன்றரை மணி நேரத்திலேயே பேட்டரி தீர்ந்துவிடும். கூரையில் 400 வாட் சோலார் தகடு வைத்தாலும், நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட்தான் கிடைக்கும். அதற்கும் வண்டியை வெயிலில் நிறுத்தியாக வேண்டும். நாய்க்கோ நிழல் வேண்டும். ஆகவே, ஏசியை நம்பி நாயை உள்ளே பூட்டிவிட்டுக் கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் சுற்றிப் பார்க்கப் போகும் ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவர் உள்ளே போய்வரட்டும். மற்றவர் அகழிக்கு வெளியே மரத்தடியில் நாயோடு இருக்கட்டும். இருவர் இருக்கிறீர்கள், அதுவே பெரிய வசதி.

பணத்தை வெப்பத்தடுப்புக்குச் செலவிடுங்கள்: கூரைத் தகட்டுக்கும் உட்கூரைக்கும் இடையில் நல்ல தடுப்புப் பலகை, வெளியே வெள்ளை நிறம், கூரையில் 12 வோல்ட் காற்றாடி. முப்பது நாற்பது வாட்டில் இரவு முழுவதும் ஓடும் காற்றாடி, ஏசியைவிட நாய்க்கு அதிக நாள் துணை நிற்கும். ஆனால் அது வெளிக்காற்றைத்தான் உள்ளே கொண்டுவரும் என்பதால் சித்திரை, வைகாசிப் பகலில் அதுவும் போதாது. அந்த மாதங்களில் ஏலகிரிக்கு ஏறிவிடுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்துக்குப் போனால் அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். வளைவுகளில் நாய் வாந்தி எடுக்காமலிருக்க, ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே அதன் உணவை முடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம்.

சூடு தாக்கிவிட்டதை எப்படி அறிவது? முதலில் இரைப்பு நிற்காது, எச்சில் கெட்டியாகிக் கயிறு போல் தொங்கும், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு அடர்சிவப்பாக இருக்கும், பின்னங்கால்கள் தள்ளாடும். அப்போது மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன்பே, நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக் காற்றுப்படச் செய்யுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடிவிடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். குளிர்வித்துக்கொண்டேதான் கொண்டுசெல்ல வேண்டும்.

உங்கள் நாய் ராஜபாளையம் என்பதால் இன்னொன்று. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் அதிகம். உங்கள் நாய்க்குச் செவித்திறன் எப்படியிருந்தாலும், குரல் கொடுத்தால் திரும்பி வந்துவிடும் என்று நம்பி நெடுஞ்சாலையோரத்தில் அவிழ்த்து விடாதீர்கள். சங்கிலியை மாட்டிய பிறகுதான் கதவைத் திறப்பது என்ற பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி, லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் பக்கக்கதவு சரிந்து திறக்கும் அந்த ஒரு நொடியில் நாய் இறங்கி ஓடினால், அதைப் பிடிக்க உங்களால் முடியாது.

கேள்வி: பழைய வேனை வாங்கி, உள்ளூர்ப் பட்டறையிலேயே கேரவனாக மாற்றிக்கொள்ளலாமா? நாய்க்கு எங்கே இடம் ஒதுக்குவது?
— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, ஆர்.சி.யில் உரிய வகையாகப் பதிவு செய்ய வழியிருப்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே இருக்கைகளைக் கழற்றுங்கள். பதிவுக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லையென்றால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் வரும்.

நாய்க்கான இடம், ஓட்டுநருக்குப் பின்னால், தரையில் போல்ட் போட்டு இறுக்கிய கூண்டு. கூண்டு பிடிக்காத நாய்க்கு மார்புப்பட்டை அணிவித்து இருக்கைப் பட்டியோடு இணைக்கலாம். கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், திடீரென்று பிரேக் போட்டால் கழுத்து முறிந்துவிடும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், நாயும் அங்கேதான் படுத்திருக்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்புறமாகத் திறப்பு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் நிறுத்தினால் பிரியாணி வாசனைக்கே எங்கள் நாய் துள்ளுகிறது. கொஞ்சம் கொடுக்கலாமா?
— வாணியம்பாடி வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெந்த எலும்போ கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வெறும் சோறும் உப்பில்லாமல் வேகவைத்த, எலும்பு நீக்கிய கோழியும் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் போய், ஜவ்வாது மலையில் இரவு தங்க விரும்புகிறோம். நாய் காவல் இருக்கும்தானே?
— ஆரணி வாசகர்

பதில்: நாயைக் காவலுக்கு வெளியே கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். சிறுத்தைக்கு நாய் மிக எளிதான இரை. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்து பிடிபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவதும் குற்றமே. ஊருக்குள், வீடுகள் உள்ள இடத்தில், உரியவரைக் கேட்டு வண்டியை நிறுத்துங்கள். இருட்டுவதற்கு முன் நாயை நடக்க வைத்து, அதன் பிறகு விடியும்வரை வேனுக்குள்ளேயே வைத்திருங்கள்.

காட்டுப்புல்லில் நடந்த நாயைத் தினமும் தடவிப் பாருங்கள்: காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல்களின் இடுக்கு. உண்ணி இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவக் கூடாது. ஓரிரு வாரங்களில் காய்ச்சல் வந்தாலோ, தீனி எடுக்காமலிருந்தாலோ, மூக்கில் இரத்தம் வடிந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மலையிலிருந்து உடனே இறங்கி, இரத்தப் பரிசோதனை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வழி தெரியாத ஊரில் 1962 என்ற அரசின் கால்நடை உதவி எண்ணை அழைத்தால், அருகிலுள்ள மருத்துவமனையைக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.