சிறு காயங்களுக்குச் சரியான சிகிச்சை: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி செம்பனை (எண்ணெய்ப்பனை) முள்ளைப் பற்றியவை என்பதால், அதற்கே அதிக இடம் ஒதுக்கியுள்ளேன்.

கே: கோழிக்கூட்டருகே துருப்பிடித்த ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டேன் என்பது நினைவில் இல்லை.

ப: நினைவில்லை என்றால் போடவில்லை என்றே கொள்ளுங்கள். கடைசி ஊசி போட்டு, மண்பட்ட, ஆழமான காயத்துக்கு 5 ஆண்டும் சுத்தமான சிறு காயத்துக்கு 10 ஆண்டும் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும் என்பது கணக்கு. சோப்பும் குழாய்நீரும் விட்டுக் கழுவிவிட்டு இன்றே அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒருநாள்கூடப் பொறுக்கக் கூடாது.

கே: கொதித்த எண்ணெய் கையில் தெறித்தது. மாமியார் பற்பசை தடவினார். சரியா?

ப: சரியில்லை, அம்மா. பற்பசையும் வேண்டாம், கிச்சாப்பும் (சோயா சாஸ்) வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலும், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கே: மட்டை வெட்டும்போது முள் விரலில் குத்தி மூன்று வாரமாகிறது. வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

ப: எந்த விரல், எந்த மூட்டு, குத்தியது செம்பனை முள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா என்பதையெல்லாம் விட்டுவிட்டு எழுதினால் எப்படி ஐயா பதில் சொல்வது? சிகிச்சை அறையில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் இதைத்தான் கண்டேன். விரல் வீங்கியிருக்கிறது என்பார்கள். முள்ளை அன்றே பிடுங்கிவிட்டோம் என்ற நினைப்பில் அதைச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் முள்ளின் நுனி எளிதில் முறிந்து உள்ளே தங்கும். அது தாவரப் பொருள் என்பதால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன் என்று நாம் சொல்லும் அல்ட்ராசவுண்டில்தான் தெரிய வாய்ப்பு அதிகம். மூட்டுக்குள் தங்கிய துண்டு மூட்டுச் சவ்வை அழற்சியடையச் செய்கிறது. மாத்திரை தின்னும் வரை வீக்கம் சற்று அடங்கும், நிறுத்தியதும் திரும்பும், துண்டை அறுத்து எடுத்தால்தான் தீரும். மெழுகுவர்த்தியில் காட்டிய ஊசியால் வீட்டில் தோண்டுவது அதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். ஆகவே மீண்டும் செல்லுங்கள். என்ன குத்தியது, என்று குத்தியது, எவ்விடத்தில் குத்தியது என்ற மூன்றையும் சொல்லி, எலும்பு மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். வேலையில் நேர்ந்தது என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மருத்துவ விடுப்புச் சீட்டுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.

கே: கணுக்கால் பிசகியது. எக்ஸ்ரே வேண்டுமா?

ப: நான்கு காலடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுற எலும்புகளில் ஒன்றை அழுத்தினால் வலித்தாலோ வேண்டும். அதற்குமுன் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

கே: சிறிய பாம்புதான் கடித்தது. கிளினிக் போதுமா?

ப: போதாது. பாம்புக்கடி சிறு காயமே அன்று. கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 999 அழைத்து நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.