குளத்தில் கிடைத்த டிஸ்க்: எண்ணுக்குப் பதில் இல்லையென்றால்

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கைக் கூடைகளில் எறியும் விளையாட்டு. குளத்தில் கிடைத்த டிஸ்க்கின் அடியில் உரிமையாளர் எழுதிய தொலைபேசி எண்ணுக்குச் செய்தி அனுப்பி 4 நாள் பதில் வராததால், அந்த டெஸ்ட்ராயர் (ஒரு டிஸ்க் வகை) உங்களுடையதாகிவிடாது. தண்ணீரில் கிடந்த மை மங்கும். 7 என்பது 1 ஆகவும் 8 என்பது 3 ஆகவும் தெரியலாம். விளக்கைச் சாய்த்துப் பிடித்து எண்ணை மறுபடி படியுங்கள். பிறகு குறுஞ்செய்தியில் மைதானம், எத்தனையாவது கூடை, கிடைத்த தேதி மூன்றையும் எழுதுங்கள். "உங்கள் டிஸ்க் என்னிடம்" என்று மட்டும் அனுப்பினால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

"அது என்னுடையது" என்று கேட்கும் இன்னொருவரிடம் முதலில் அடிப்பக்கத்தில் உள்ள பெயரைக் கேளுங்கள். எடையை மட்டும் நம்பாதீர்கள், 175 கிராம் என்று யாரும் ஊகித்துச் சொல்லிவிடலாம். அடிப்பக்கப் படத்தை எங்கும் போடவே வேண்டாம்.

தபாலில் கேட்டால் தபால்செலவை மட்டும் வாங்குங்கள். மீட்புப்பணம் கேட்பது அநியாயம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையா? மைதானத்தின் தொலைந்த பொருள் பெட்டியில் போட்டுவிடுங்கள்.