ஹெச்-இண்டெக்ஸ் 3 என்றால் பேராசிரியர் பதவி உயர்வு கிடைக்காதா?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். 11 கட்டுரைகளும் (அவற்றில் 4 இருவர் சேர்ந்து எழுதியவை), உள்ளாட்சித் தேர்தல்கள் குறித்துத் தமிழில் ஒரு நூலும் வெளியிட்டிருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுதளமான கூகுள் ஸ்காலரில் என் எழுத்துகளுக்குப் பிறர் காட்டிய மேற்கோள்கள் 38, ஹெச்-இண்டெக்ஸ் 3. வேதியியல் துறை நண்பருக்கோ 19. பதவி உயர்வுக்கு இது தடையாகுமா? 35,000 ரூபாய் கொடுத்தால் இருபது நாளில் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை போட்டு, மேற்கோளும் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்த 35,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும்.

ஹெச்-இண்டெக்ஸ் என்பது, குறைந்தது அத்தனை மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் அத்தனை இருக்கும் மிகப் பெரிய எண். உங்கள் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசையாக எழுதினால் 17, 9, 6, 3, 2, 1 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது கட்டுரைக்கு மூன்றுக்குக் குறையாத மேற்கோள் இருக்கிறது, நான்காவதற்கு நான்கு இல்லை. ஆகவே உங்கள் எண் 3. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த இந்தக் கணக்கு, பலர் கூடிச் சிறு கட்டுரைகளாக எழுதிக் குவிக்கும் துறைகளுக்குப் பொருந்தும். நூல்களால் நடக்கும் நம் துறைக்குப் பொருந்தாது. பெனடிக்ட் ஆண்டர்சன் தேசியம் குறித்து 1983-இல் வெளியிட்ட ஒரே நூலுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. அந்த ஒரு நூலோடு அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 1 தான். வேதியியல் நண்பரோடு உங்களை ஒப்பிடாதீர்கள்.

பதவி உயர்வைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அதன் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் மேற்கோளுக்கென்று ஒரு வரிசையே கிடையாது. பேராசிரியர் பதவிக்கு 10 கட்டுரைகளும் (அவற்றில் 3 மதிப்பீட்டுக் காலத்தில் வந்தவை), 110 மதிப்பெண்களும் வேண்டும். தனியாக எழுதிய 7 கட்டுரைகளுக்குத் தலா 10, இருவர் எழுதிய நான்குக்கு 70 விழுக்காடு என்று தலா 7, ஆக 98. தேசிய அளவிலான பதிப்பகம் வெளியிட்டிருந்தால் நூலுக்கு 10, மொத்தம் 108. நூல் தமிழில் இருப்பதால் ஒரு புள்ளியும் குறையாது. இம்பாக்ட் ஃபேக்டருக்கான (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவு) கூடுதல் புள்ளிகளை இதில் சேர்க்கவில்லை, ஏனெனில் அதைக் கல்லூரிக்குக் கல்லூரி ஒவ்வொரு விதமாகக் கூட்டுகிறார்கள். போதாக்குறைக்கு, அந்த அளவுக்கு, 2016-லேயே வேறு நிறுவனத்துக்குக் கைமாறிவிட்ட தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறது 2018-இல் எழுதப்பட்ட ஒழுங்குமுறை!

உங்களுடைய உண்மையான சிக்கல் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. மதிப்பெண்கள் ஆறு பிரிவுகளில் குறைந்தது மூன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை கட்டுரை, நூல் என்ற இரண்டு பிரிவுகள் மட்டுமே. இடைத்தரகர் பத்துக் கட்டுரைகள் போட்டுக் கொடுத்தாலும் அவை முதல் பிரிவிலேயே போய்ச் சேரும்.

அவர் போடப்போகும் இதழ் எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். நல்ல இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற அடையாள எண்ணையும் திருடி அதே முகப்போடு நடத்தப்படும் போலித் தளமாக இருக்கும், அல்லது ஸ்கோபஸ் எப்போதோ நீக்கிய இதழாக இருக்கும். ஸ்கோபஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இட்டு, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விலைக்கு ஏற்றிய மேற்கோள் அதைவிட அபாயமானது, ஏனெனில் ஸ்காலரில் மேற்கோள் எண்ணிக்கையைத் தட்டினால் மேற்கோள் காட்டியவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். தேர்வுக் குழு ஒன்றில் நான் அப்படித் தட்டியபோது, ஊராட்சி நிர்வாகம் பற்றிய கட்டுரையை கான்கிரீட்டின் வலிமை பற்றிய நான்கு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. தான் ஏற்ற இதழ்களின் கேர் பட்டியலையும் கைவிட்டு, நல்ல இதழ் எது என்பதைக் கல்லூரிகளே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்ட பிறகு, இந்தத் தரகர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

பணம் கேட்கும் இதழ்கள் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் தரமான திறந்த அணுக்க இதழ்கள் சில, எழுதுபவரிடமிருந்து கட்டணம் பெறுவது உண்டு. ஆனால் அந்தக் கட்டணம் இதழின் தளத்தில் வெளிப்படையாக இருக்கும், மதிப்பாய்வு முடிந்து கட்டுரை ஏற்கப்பட்ட பின்னரே கேட்கப்படும், பதிப்பகத்தின் பெயரில் ரசீதோடு செலுத்தப்படும், பல இடங்களில் சலுகைக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கும். வாட்ஸ்அப்பில் தொகை பேசி, தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது இந்த விதிவிலக்கில் சேராது. சமூக அறிவியல் இதழான எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி எழுதுபவரிடம் காசே கேட்பதில்லை.

தரகர் இல்லாமல் நீங்களே செய்யக்கூடியவை இரண்டு. உங்கள் தலைப்பெழுத்து ஒரு கட்டுரையில் பெயருக்கு முன்னும், இன்னொன்றில் பின்னும், வேறொன்றில் தந்தையின் முழுப் பெயராகவும் இருந்தால் ஸ்கோபஸ் உங்களை மூன்று ஆட்களாக எண்ணியிருக்கும். ஆய்வாளரை அடையாளம் காட்ட இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் எண்ணைப் பெற்று, அந்தப் பதிவுகளை ஒன்றாக்கும்படி ஸ்கோபஸுக்கே விண்ணப்பியுங்கள். பிறகு, தேசியக் கருத்தரங்குகளில் நீங்கள் நிகழ்த்திய அழைப்புரைகளின் சான்றிதழ்களைத் தேடி எடுங்கள். ஓர் உரைக்கு 3 புள்ளிகள். ஒன்று கிடைத்தாலே மூன்றாவது பிரிவும் வந்துவிடும், மொத்தம் 111 ஆகிவிடும்.