சுனோலில் வீடு பார்க்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில், அலமீடா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கிணறும் செப்டிக் டேங்கும் சோதித்துக் கொடுப்பது என் தொழில். ஃப்ரீமான்டுக்கும் பிளசன்டனுக்கும் நடுவே, 680 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் சுனோல் பற்றி நம்மவர்கள் நிறையக் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கேயே கேளுங்கள்.

கே: சார், நகராட்சியே இல்லையாமே. ஊரை யார் நடத்துகிறார்கள்?

ப: கவுண்டி. ரோட்டில் குழி, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும். போலீஸ் என்றால் ஷெரிஃப். நம்மூர்க் கிராம ஊராட்சி மாதிரி என்று நினைக்காதீர்கள். அதற்காவது ஒரு தலைவர் உண்டு. இங்கே அந்தப் படியே கிடையாது, நேராகக் கவுண்டியின் ஐந்து மேற்பார்வையாளர்கள்தான். எட்டாவது வரை உள்ள சுனோல் கிளென் பள்ளிக்கு மட்டும் தனி வாரியம்.

கே: அப்போ சொத்து வரி கம்மிதானே?

ப: இல்லை. 1978-இல் வந்த சட்டப்படி அடிப்படை வரி ஒரு சதவீதம். நகருக்கு உள்ளேயும் அதுதான், வெளியேயும் அதுதான்.

கே: ஃப்ரீமான்ட் இவ்வளவு வளர்ந்துவிட்டது. சுனோல் மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?

ப: நல்ல கேள்வி. ஃப்ரீமான்டே 1956-இல் ஐந்து சிற்றூர்கள் சேர்ந்து உண்டானதுதான். சுனோல் நைல்ஸ் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் 913 பேர். இத்தனை பேர் கட்டும் வரியில் தனியாகப் போலீஸ் வைத்து நகரம் நடத்த முடியாது. சுற்றியுள்ள நிலமும் விற்பனைக்கு இல்லை. நீர்ப்பிடிப்புக்காக சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் இந்தப் பக்கத்தில் சுமார் 36,000 ஏக்கர் வைத்திருக்கிறது. மிச்சமிருந்த மேய்ச்சல் நிலத்துக்கு 2000-இல் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு எல்லை கட்டிவிட்டார்கள். அதற்கு வெளியே வரிசை வீடு எழுப்ப முடியாது. பிளசன்டனிலிருந்து இறங்கியதும் திடீரென்று மாடு மேய்கிறதே, அது தற்செயல் இல்லை.

கே: மலைச்சரிவில் ஒரு வீடு பிடித்திருக்கிறது அண்ணா. கிணறு இருக்கிறதாம்.

ப: எந்த மாதம் சோதித்தார்கள் என்று கேளுங்கள். மழைக்காலமான பிப்ரவரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். கோடை முடியும் செப்டம்பர், அக்டோபரில் சில மணி நேரம் விடாமல் இறைத்துப் பார்க்கவேண்டும்.

கே: இரண்டு படுக்கையறை கூடுதலாகக் கட்டலாமா?

ப: செப்டிக் அளவே படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான். முதலில் அதைப் பாருங்கள்.

கே: அங்கே ஒரு கோயில் இருக்கிறதாமே, எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

ப: அது தண்ணீர்க் கோயில். குழாய்கள் வந்து சேரும் இடத்தில் 1910-இல் தண்ணீர் கம்பெனி கட்டிய மண்டபம். அர்ச்சனைக்கு லிவர்மோர் போங்கள்.

கே: மேயர் இல்லை என்கிறீர்கள். நாய் மேயராக இருந்ததே!

ப: போஸ்கோ. 1981-இல் இரண்டு மனிதர்களைத் தோற்கடித்தது. 1994-இல் சாகும்வரை பதவியில் இருந்தது. ஆனால் கௌரவப் பதவிதான். கையெழுத்துப் போடும் அதிகாரம் ஏதும் கிடையாது.

கே: அதிகாரம் இல்லாவிட்டால் மேயர் இல்லையா? நம்மூரில் எத்தனை பேர் அப்படி!

ப: அது வேறு. அங்கே பதவி சட்டத்தில் இருக்கிறது. இங்கே பதவியே இல்லை.

கே: மக்கள் தேர்ந்தெடுத்தார்களே. பிறகென்ன சட்டம்?

ப: 1990-இல் சீனாவின் மக்கள் நாளிதழும் உங்களை மாதிரியே நம்பி, மேலைநாட்டு ஜனநாயகத்தின் லட்சணம் இதுதான் என்று எழுதியது. விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள்.

கே: கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்குமா சார்?

ப: ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எந்த மாதம் இறைத்தார்கள் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: செப்டிக் பற்றி ஒரு சின்னச் சந்தேகம்...

ப: படுக்கையறை. மேலே.

கே: போஸ்கோ விஷயத்தில் நீங்கள் பதில் சொல்லவில்லை. மேயரா, இல்லையா?

ப: தபால் நிலையத்துக்கு முன்னால் வெண்கலச் சிலையாக நிற்கிறது. அதையே கேட்டுக்கொள்ளுங்கள்.