பூட்டன் வாழ்ந்த காலம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பூட்டனார் எழுதிக்கொடுத்த கிரையப் பத்திரம் ஒன்று 'கொல்லம் ௲௫௰௨ ௵ ஆவணி ௴ ௰௩ ௳' என்று தொடங்குகிறது. தாது வருஷப் பஞ்சத்தில்தான் அவர் நிலத்தை விற்றார் என்று ஆச்சி சொல்வாள். சரியாக இருக்குமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் தேதி. ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு, ஆக 1052. ௵ வருஷத்துக்கும், ௴ மாதத்துக்கும், ௳ நாளுக்கும் உள்ள குறிகள். கொல்லம் என்பது கேரளத்திலும் நம் திருநெல்வேலிப் பக்கமும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. நம் பக்கம் அது பிறப்பது ஆவணி 1. அதனால் ஆவணி முதல் மார்கழி நடுவரை (அதாவது டிசம்பர் கடைசிவரை) கொல்லத்தோடு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடிக் கடைசிவரை 825. உங்கள் பத்திரம் 1876 ஆகஸ்டு கடைசி வாரத்தில் எழுதியது.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி, தமிழ் வருஷப் பெயர். அது மாறுவது சித்திரையில், கொல்லம் மாறுவது ஆவணியில். ஆகவே கொல்லம் 1052-க்குள்ளேயே இரண்டு தமிழ் வருஷங்கள் வரும்: பங்குனிவரை தாது, சித்திரையிலிருந்து ஈசுவர. உங்கள் பத்திரத்தில் ஆவணிக்குப் பக்கத்தில் 'தாது' என்று இருந்தால் கணக்கு ஒத்துப்போகிறது. 'ஈசுவர' என்று இருந்தால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அது ௲௫௰௩ ஆக இருக்கலாம். வருஷப் பெயரை மட்டும் நம்பினாலோ 60 வருஷம் தப்பிவிடும். தாது 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது.

இனிப் பஞ்சம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் கைவிட்ட பிறகுதான் மாகாணம் முழுக்க விலை எகிறியது. ஆவணி 13-இல் உங்கள் ஊரில் கார் நெல் வயலில் நின்றிருக்கும், அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றங்கால் பேச்சுகூட எழுந்திருக்காது. வரப்போகும் பஞ்சத்துக்குப் பயந்து யாரும் நிலத்தை விற்பதில்லை. ஆகவே இந்தக் கிரையத்துக்குப் பஞ்சத்தைக் காரணமாக எழுதாதீர்கள். பத்திரத்தின் உள்ளேயே காரணம் இருக்கும்: 'பூர்வக் கடன் பைசலுக்காக', 'குடும்பச் செலவுக்காக', 'மகள் கலியாணச் செலவுக்காக' என்று ஒரு வரி வரும். முன்பே ஒற்றி (கடனுக்கு ஈடாக அனுபவத்துக்கு விடுவது) வைத்த நிலமா என்று பாருங்கள். ஒற்றித் தொகையைக் கழித்துக்கொண்டு பாக்கியை ரொக்கமாக வாங்கியிருந்தால், கஷ்டம் அதற்குச் சில வருஷம் முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் ஆச்சி சொன்னது முழுப் பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. விற்ற அதே வருஷம் பஞ்சம் வந்ததால், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவு வைத்திருப்பார்கள். உங்கள் பூட்டனாரைப் பஞ்சம் எப்படித் தொட்டது என்பது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைப் பொறுத்தது. தாமிரபரணிப் பாசனம் இருந்த நஞ்சை ஊர்கள் கரிசல், தேரி (செம்மணல்) பக்கங்களைப்போல வாடவில்லை. ஆனால் விலை ஏற்றம் எல்லா ஊருக்கும் வந்தது. 1876-இல்தான் தூத்துக்குடிக்கும், மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. விலை கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குத் தானியம் போக வழி திறந்துவிட்டது. பத்தாயத்தில் நெல் வைத்திருந்தவருக்கு அது லாபக் காலம், கூலிக்குப் போனவருக்குப் பட்டினிக் காலம். நிலத்தை விற்ற மறு வருஷம் அவர் எந்தப் பக்கம் இருந்தார்? அதைத்தான் தேட வேண்டும்.

பத்திரத்தின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதி, பதிவு எண், புத்தக எண், பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். எழுதிய நாளும் பதிந்த நாளும் வேறாக இருந்தால் கலங்க வேண்டாம், நான்கு மாதம்வரை அவகாசம் உண்டு. பதிவே இல்லையென்றாலும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த சொத்துக்கு அந்நாளில் பதிவு கட்டாயமில்லை. நிலத்தின் அளவைக் கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில் (விதைக்கும் நெல்லின் அளவில்) சொல்லியிருந்தால் 21 மரக்கால் ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்தவர் மேஜர் ஆனவர் என்று கொண்டால் 1858-க்கு முன் பிறந்தவர். 'இன்னார் குமாரன்' என்ற சொல்லில் இன்னும் ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: என் தாத்தா 1921-இல் பிறந்தவர். அவருடைய தாத்தா கட்டபொம்மன் படையில் இருந்தார் என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?
— வாசகர், ஓட்டப்பிடாரம்

பதில்: நிரூபிப்பதற்கு முன் கழித்துப் பாருங்கள். தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் என்றால் தாத்தாவின் தாத்தா பிறந்தது 1861-க்கும் 1871-க்கும் இடையில். கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அப்போது 20 வயதுக்காரர் என்றால் 1779-இல் பிறந்திருக்க வேண்டும். குறைந்தது இன்னும் 3 தலைமுறை மேலே போகிறது.

இந்தத் தவறு எங்கே நேர்கிறதென்றால், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில். ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும்போது இரண்டு பேர் ஒருவராகிவிடுகிறார்கள், நடுவில் இருந்தவர் காணாமல் போகிறார். பட்டாவிலோ பத்திரத்திலோ பெயர் கிடைத்தால் தகப்பன் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். 'சுப்பையா' என்று எழுதாமல் 'மாடசாமி மகன் சுப்பையா' என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

கதை 1801-இல் நடந்த ஊமைத்துரையின் போரைச் சொல்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது வழக்கம். இன்னொன்று: எட்டயபுரத்தார் அன்று கும்பெனி (கிழக்கிந்தியக் கம்பெனி) பக்கம் நின்றார்கள். அந்தப் படையில் இருந்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் உண்டு, ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ளும் குடும்பத்தைப் பார்ப்பது அபூர்வம்.

கேள்வி: செங்கோட்டைக்காரர் எங்கள் பாட்டையா. திருநெல்வேலி ஜில்லா வரலாற்றை வைத்து அவர் வாழ்க்கையை எழுதலாமா?
— வாசகர், தென்காசி

பதில்: கூடாது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். அதற்கு முன் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. பக்கத்தில் இருக்கும் தென்காசியோ சென்னை மாகாணம். கோயில் நுழைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 நவம்பர் 12 பிரகடனத்தால் திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. சென்னை மாகாணத்துக்குச் சட்டம் வந்தது 1939-இல், முழுமையாக 1947-இல். பாட்டையா எந்த ஊரில் குடியிருந்தார் என்பதைப் பொறுத்து ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி.

பத்திரத்தில் சக்கரம், காசு என்று வந்தால் அது திருவிதாங்கூர்ப் பணம்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பழைய அரசு ஆவணங்களைத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும், மலையாளம் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். இதேபோல ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பக்கத்தவர்கள் 1910-க்கு முன் திருநெல்வேலி ஜில்லா. தூத்துக்குடி தனியானது 1986-இல், தென்காசி 2019-இல். பழைய காகிதத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருப்பதை வைத்து ஊரைத் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: 'ரங்கூனில் கலகம் வந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோம்' என்பார் தாத்தா. அது 1942தானே?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: கலகம் என்றாரா, குண்டு என்றாரா? 1930 மே மாதம் துறைமுகக் கூலிகள் தொடர்பாக ஒரு கலவரம். 1938 ஜூலையில் குறிப்பாக முஸ்லிம்கள்மீது பாய்ந்த கலவரம். ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் வீழ்ந்தது 1942 மார்ச் 8. கப்பலில் வந்தார் என்றால் மார்ச்சுக்கு முன். அரக்கான் வழியாகவோ மணிப்பூர் வழியாகவோ நடந்து வந்தார் என்றால் 1942தான்.

பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை வரிசையாக வையுங்கள். கடைசியாக ரங்கூனில் பிறந்த பிள்ளைக்கும் முதலில் ஊரில் பிறந்த பிள்ளைக்கும் நடுவில் திரும்பியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை: பெண்ணையும் பிள்ளைகளையும் ஊரிலேயே விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் போய்வந்த வீடுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பிள்ளைகளுக்கு இடையிலுள்ள 3, 4 வருஷ இடைவெளிகளே பயணக் கணக்கு. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதும் உண்டு என்பதால், ஒரு வருஷம் முன்பின் விட்டே எழுதுங்கள்.

கேள்வி: கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பூட்டி பெயர் 1878-இல் இருக்கிறது. அதுவே பிறந்த வருஷமா?
— வாசகி, நாசரேத்து

பதில்: அதே நாளில் பெற்றோருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா என்று அடுத்தடுத்த வரிகளைப் பாருங்கள். குடும்பமாகச் சேர்ந்திருந்தால் அது சபையில் சேர்ந்த தேதிதான். பூட்டிக்கு அப்போது 10 வயதுகூட இருக்கலாம். 1877, 1878-இல் உங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். அங்கே பஞ்சத்தைப் பக்கத்தில் எழுதுவதற்கு இடமுண்டு, ஆனால் 'அதனால்' என்று எழுதாமல் 'அந்த வேளையில்' என்று எழுதுங்கள். தனிக் குழந்தையாக, பெற்றோர் ஏற்கெனவே சபையார் என்று இருந்தால் அந்த வருஷமே பிறந்திருப்பாள் என்று கொள்ளலாம். வயது என்ற கட்டத்தில் 20, 30, 40 என்று முழு எண்களாகவே வந்தால் எழுதியவர் குத்துமதிப்பாகப் போட்டது. பூட்டியின் கலியாணப் பதிவும் அதே சபையில் இருக்கும், அதில் உள்ள வயதோடு ஒட்டிப் பாருங்கள்.